ஷீமே அடைத்த காற்று

புதுப் பெயின்ட் அடித்த பழைய சிலிண்டரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழசு பழசாகவே வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். துருவோடு வரட்டும், கீறலோடு வரட்டும், பாசி அப்பிக்கொண்டு வரட்டும், என்ன வியாதி என்று முகத்திலேயே தெரிந்துவிடும். மேலே மஞ்சள் பூசிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கினால் அங்கே யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்து மறைக்கிறவனையாவது நாலு கேள்வி கேட்டு விரட்டிவிடலாம். தெரியாமல், பாசத்தோடு, துடைத்துத் துடைத்து மறைக்கிறவனை என்ன செய்வது?

எங்கள் துறைமுகத்தில் முக்குளிக்கிறவர்களுக்குக் காற்று அடைத்துக் கொடுப்பது நான்தான். படகுத்துறையின் கோடியில், ஐஸ் பாக்டரிக்குப் பக்கத்தில் என் கொட்டகை. கம்ப்ரெசர் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, என் வாய் ஒன்று. மூன்றுமே பெருஞ்சத்தம் என்று ஊரில் பேச்சு. வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்காத சிலிண்டருக்கு நான் காற்று அடைக்க மாட்டேன். 'மருமகன் வந்தாலும் இந்தப் பெரினா வாயைத் திறந்து பல்லைப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்' என்று என்னைப் பற்றிக் காபிக் கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கொட்டகையிலிருந்து போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்துதான் அந்தக் காபியைக் குடிக்கிறார்கள்.

என் மகள் வின்காவுக்கு அந்த வசந்தத்தில்தான் செம்பவளம் எடுக்க அனுமதி கிடைத்திருந்தது. மறுநாள் காலை ரோக்கோவின் படகில் முதல் முழுக்கு. பவளம் அறுபது மீட்டர் ஆழத்தில் பாறையின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே போய் வேலை செய்துவிட்டு, இடையிடையே நின்று நின்று மேலே வர ஒற்றை சிலிண்டர் போதாது. இரண்டைப் பட்டை போட்டுச் சேர்த்து முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அப்போதுதான் ஷீமே தன்னுடைய பழைய இரட்டை சிலிண்டரைக் கொடுக்கிறேன் என்று முன்வந்தார்.

ஷீமே வின்காவின் ஞானத்தகப்பன். கோயிலில் ஆயர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசியபோது தோளில் கை வைத்துப் பின்னால் நின்றவர். அதனால் எனக்கு அவர் கும்பாரே, அவருக்கு நான் கும்மா. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், வேலித் தகராறில் கோர்ட்டுக்கும் போகலாம். கும்பாரே கொடுத்ததை மட்டும் சோதித்துப் பார்க்கக் கூடாது. மீன் கொடுத்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பது தப்பு. ஒயின் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தப்பு.

பவளக்காரர்களுக்கு இதற்கு மேலும் ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டர் கை மாறினால் காலியாகக் கொடுக்க மாட்டார்கள். விருந்தாளிக்குக் காலித் தட்டை நீட்டுவது போல அது. நிறைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் முதல் முழுக்கை அந்தக் காற்றிலேயே முழுக வேண்டும். கொடுத்தவரின் ராசி அப்போதுதான் கூடவே இறங்குமாம். ராசியாம், ராசி! யாரோ எந்தக் காலத்திலோ அடைத்து வைத்த காற்றை என் பெண் அறுபது மீட்டர் ஆழத்தில் இழுக்க வேண்டும், நான் கரையில் நின்று கைகூப்ப வேண்டும்.

நிறைந்த சிலிண்டருக்கு என் கம்ப்ரெசர் தேவையில்லை. அதனால் என் கொட்டகைக்கு அது வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எல்லாம் பேசி முடித்து, ஷீமே வீட்டில் நெத்திலிப் பொரியலும் கீரையும் தின்று முடித்து, பட்டையில் ஒரு போல்ட் ஆடுகிறது என்பதால் மட்டும் மத்தியானம் வின்கா அதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஷீமே, ஒரு கையில் கருப்பு ஒயின் குடுவையோடு. அவர் பின்னால் படகுக்காரன் ரோக்கோ, வாயில் பல்குச்சியோடு.

"என்ன கும்மா, எப்படி இருக்கு என் பொண்ணோட சீர்?" என்றார் ஷீமே.

"பெயின்ட் நல்லா இருக்கு கும்பாரே," என்றேன்.

ரோக்கோ சிரித்தான். "ஆரம்பிச்சாச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல உங்க பல்லையும் எண்ணிடும் ஷீமேண்ணே, வாய மூடிக்குங்க."

போல்ட்டை முறுக்கினேன். முறுக்கும் சாக்கில் பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் சிவப்பாக வந்தது. கழுத்தில் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். கடைசியாகப் பரிசோதித்த முத்திரை கிடைத்தது. அதிலிருந்த வருஷத்தில் வின்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"கும்பாரே, இதுக்குக் கெடு எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"கெடு காகிதத்துக்குத்தாம்மா. இரும்புக்கு ஏது கெடு? தட்டிப் பாரேன், கோயில் மணி மாதிரி இருக்கும்." அவரே விரல் கணுவால் தட்டிக் காட்டினார். "நான் முழுகறத விட்டுக் கரையேறின அன்னைக்கு அடச்ச காத்து. ஆறு வருஷமா அப்படியே நிக்குது. ஒரு பொட்டு கசியல. கசியாத சிலிண்டர விடவா ஒனக்கு சாட்சி வேணும்?"

இதைத்தான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். காற்று நிற்கிறதா, சிலிண்டர் நல்லது. குடத்தில் தண்ணீர் நிற்கிறதா, குடம் நல்லது. குடத்துத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று எவனும் கேட்பதில்லை.

அழுத்தம் காட்டுகிற என் மீட்டரை எடுத்து வலது பக்கத்து வால்வில் மாட்டித் திறந்தேன். முள் நேராக, நிறைந்த சிலிண்டர் காட்டவேண்டிய இருநூறில் போய் நின்றது. ஷீமே ரோக்கோவைப் பார்த்தார். ரோக்கோ பல்குச்சியை எடுத்துவிட்டு எனக்கு ஒரு சலாம் வைத்தான். வின்கா கண்ணாலேயே 'போதும், விடு' என்றாள். எனக்கே சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆரம்பித்ததை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கில்லை. மீட்டரைக் கழற்றி இடது பக்கம் மாட்டினேன். முள் நூற்று அறுபத்தைந்தைத் தொட்டது, அதற்கு மேல் போகவில்லை.

இரண்டு சிலிண்டரையும் இணைக்கிற குழாயின் நடுவில் ஒரு வால்வு இருக்கும். அது திறந்திருந்தால் இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டும். ஷீமே காலத்துப் பவளக்காரர்கள் அதை மூடியே வைத்திருப்பார்கள். வலது பக்கத்தைத் தீர்த்துவிட்டு, மேலே கிளம்பும்போது நடு வால்வைத் திறந்து இடது பக்கத்துக் காற்றில் ஏறி வருவார்கள். அதாவது இந்த ஆறு வருஷமும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்திருக்கின்றன.

"இது கொறையுதே," என்றேன்.

"கொஞ்சம் கசிஞ்சிருக்கும்," என்றார் ஷீமே.

"இப்பதான ஒரு பொட்டு கசியலன்னீங்க?"

"அம்மா!" என்றாள் வின்கா.

சோப்புத் தண்ணீர் கரைத்து இடது வால்வு முழுக்கத் தடவினேன். கழுத்திலும் தடவினேன். குனிந்து கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

"கசியல," என்றேன். "வெளிய போகல. அப்ப உள்ளயே எதுவோ தின்னிருக்கு."

"எலியா இருக்கும்," என்றான் ரோக்கோ.

"துரு. கடல் தண்ணி உள்ள போயிருக்கு. இரும்பு துருப்பிடிக்கணும்னா அதுக்கும் மூச்சு வேணும் ரோக்கோ. காத்துல நம்ம உயிருக்கு வேண்டியது எதுவோ அதத்தான் அதுவும் இழுக்கும். மிச்சம் கெடக்கறது வெறும் சக்கை. நாத்தம் இருக்காது, ருசி இருக்காது, இழுத்தா நல்லாத்தான் வரும். ஆள் மட்டும் இருக்க மாட்டான்."

"கடல் தண்ணி எப்படிம்மா போகும்?" ஷீமேயின் குரல் மாறியிருந்தது.

"படகு மேல வச்சுத்தான அடச்சீங்க? அல தெறிக்கத் தெறிக்க, ஈரக் குழாயத் தொடைக்காம அப்படியே மாட்டி? உங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான செய்வீங்க?"

அவர் குனிந்து இடது வால்வைப் பார்த்தார். சொல்ல என்ன இருக்கிறது? எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"இத எறக்கி, கழட்டி, உள்ள பாத்துட்டுத்தான் தருவேன்," என்றேன்.

வின்கா கைவண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "கழட்டக் கூடாது. நாளைக்கு இதுல எறங்கறேன்னு ஞானப்பாவோட சாப்பாட்டு மேசையில வாக்கு குடுத்திருக்கேன். அவர் முன்னாடியே அவர் காத்தப் புடுங்கி வெளிய விடுவியா? என்னதான் நெனச்சுக்கிட்டிருக்கே நீ?"

"நீ உயிரோட வரணும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்டி."

"எல்லாத்துலயும் சாவப் பாக்கறே. மொதல்ல படகு மேல கொற சொன்னே, அப்பறம் ரோக்கோண்ணன் மேல..."

"அது இன்னும் முடியல," என்றேன். ரோக்கோ தொண்டையைக் கனைத்தான்.

"கும்மா," என்றார் ஷீமே. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஐஸ் பாக்டரி வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இதுல முப்பது வருஷம் கெடந்திருக்கேன். என் ஞானமகளுக்கு நான் விஷம் குடுப்பேன்னு சொல்றியா?"

"உங்கள யாரு சொன்னா? சிலிண்டரச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இதுதான் எங்கள் ஊரின் சாபக்கேடு. வலையைக் குறை சொன்னால் வலைக்காரனின் தாயைத் திட்டியதாக அர்த்தம். படகைக் குறை சொன்னால் அவன் வம்சத்தையே. இங்கே இரும்புக்குக்கூட மானம் இருக்கிறது, மூளைதான் யாருக்கும் இல்லை. கத்தினால் வின்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று தெரியும். காற்றில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று காட்டுகிற சின்ன மெஷின் ஒன்று என்னிடம் உண்டு. அதைக் காட்டினால் வாயை மூடுவார்கள் என்று உள்ளே ஓடினேன். அலமாரியில் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. டப்பாக்களைக் கீழே தள்ளித் தேடினேன். கடைசியில் துணி மூட்டைக்கு அடியில் கிடைத்தது.

வெளியே ரோக்கோவின் குரல் கேட்டது. "அப்படிப் போடுங்க ஷீமேண்ணே! இப்ப வரட்டும் பெரினா!"

நான் வாசலுக்கு வருவதற்குள் ஷீமே தன்னுடைய பழைய வாய்க்குழாயை இடது வால்வில் மாட்டி, கைவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வாயில் வைத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்தபடியே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணைச் சிமிட்டினார். இன்னொன்று இழுத்தார். "எடுங்க! வாயிலருந்து எடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் தோற்றுவிட்டு அலறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வின்காவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டி, நன்றாக நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த மூச்சில் அந்த விரல் மடங்கியது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கல் தரையில் தலை மோத விழுந்தார். உதடு ஒயின் குடித்ததுபோல நீலமாக இருந்தது. அவர் குடுவையின் மூடியைக்கூடத் திறந்திருக்கவில்லை.

"ஞானப்பா! ஞானப்பா!" வின்கா அவர் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கி எறிந்தாள். கன்னத்தில் அடித்தாள். அவர் கண் திறந்துதான் இருந்தது, அவளைப் பார்க்கவில்லை. ரோக்கோ தலையில் கை வைத்துக்கொண்டு மரமாக நின்றான். "நிக்காதடா, கால தூக்கிப் புடி!" என்று அவனை உதைக்காத குறையாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய் ஆக்சிஜன் பெட்டியைத் தூக்கி வந்து அவர் மூக்கில் முகமூடியை வைத்து அழுத்தினேன். வின்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஐஸ் பாக்டரி ஆட்கள் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவளுடைய குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அவருக்கு நிறம் திரும்பியது. கண் அசைந்தது. எங்களைச் சுற்றிப் பார்த்தார். முகமூடியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "நல்ல காத்து. நாளைக்கு எறங்கட்டும்."

வின்காவும் ரோக்கோவும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் முழிக்கறீங்க?" என்றார். "என்னய எதுக்குக் கீழ ஒக்கார வச்சீங்க?"

"ஞானப்பா," என்றாள் வின்கா. "நான் உங்களக் கூப்பிட்டேனே, கேட்டுச்சா?"

"நீயா? எப்ப? இப்பதான ஒனக்குக் கை காமிச்சேன்."

அவள் அவருடைய கையைப் பிடித்து அவர் பின்னந்தலையிலேயே வைத்தாள். அவர் விரலை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். ரத்தம். விரலைத் தேய்த்துப் பார்த்தார், யாருடைய ரத்தமோ என்பதுபோல. கண் மெல்ல இடது சிலிண்டருக்குப் போனது. பிறகு வின்காவிடம் வந்து நின்றது. முப்பது வருஷம் முழுகினவர் அல்லவா, மீதிக் கணக்கை அவரே போட்டுக்கொண்டார்.

"அடியில நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார். "அந்த அழுத்தத்துல இந்தக் காத்துகூடப் போதும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. வலது பக்கம் தீந்து, நடு வால்வத் தொறந்து, ஏறி வரும்போது... மேல வெளிச்சம் தெரியற எடத்துல..."

ஒரு மனிதன் தரையில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தால் கோபம் அடங்கவேண்டும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை. ஏறிக்கொண்டுதான் போனது. ஸ்பேனரை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"கழட்டுங்க," என்றேன்.

"அம்மா, அவருக்குத் தல சுத்தும்..."

"சுத்தட்டும். அவர் கையாலதான் கழட்டணும்."

அவர் மறுக்கவில்லை. இடது வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டார். அது சீறிச் சீறி வெகுநேரம் போயிற்று. ஊரே பத்தடி தள்ளி நின்று பார்த்தது. சத்தம் ஓய்ந்ததும் பட்டையைத் தளர்த்தி, குழாயைப் பிரித்து, வால்வைக் கழற்றினார். ரோக்கோ சிலிண்டரைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. உலுக்கினான். காவி நிறத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும், அதன் பின்னால் ஈரமான துருவும் கல்லில் கொட்டின. நான் விளக்கை உள்ளே விட்டேன். சுவர் முழுக்கச் செல்லரித்ததுபோல் இருந்தது. வின்காவைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தேன். ரோக்கோவையும் பார்க்க வைத்தேன். ஷீமே மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குப் படகு போகாது," என்றான் ரோக்கோ. அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு.

"வலது பக்கம்?" என்றார் ஷீமே. என்னைப் பார்க்கவில்லை. "அது நல்லா இருக்கில்ல?"

"தொறந்து பாக்காம சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். மஞ்சள் பெயின்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பட்டைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வின்காவின் பெயரை எழுதியிருந்தார். நான் அதுவரை கவனிக்கவில்லை.

"எத்தனையோ பேர் கேட்டாங்க கும்மா," என்றார். "நல்ல வெலைக்கே கேட்டாங்க. நான் குடுக்கல. மாசா மாசம் தொடச்சு, ஆறு வருஷமா இவளுக்குன்னே வச்சிருந்தேன்."

ஐஸ் பாக்டரி ஆள் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரோக்கோ தரையைப் பார்த்தான். வாழ்க்கையில் ஒரு நாளும் நான் ஷீமேயை ஒருமையில் பேசியதில்லை.

"ஆமா," என்றேன். "இவளுக்குன்னேதான் வச்சிருந்த."

அவர் கை பெயின்ட்டின் மேலேயே நின்றுவிட்டது. வின்கா வந்து என் கையிலிருந்த விளக்கை வாங்கினாள். "போதும்மா," என்றாள்.

எனக்குப் போதவில்லை.